இரண்டாம் ஈடு

"எட்டு லட்சமும் எனக்கு. அதுக்குக் குறைஞ்சால் கையெழுத்து இல்லை. அவவிட்டைச் சொல்லுங்கோ ஐயா."

அவ என்றது எதிர்க் கதிரையில் இருந்த தர்சிகாவை. மூன்றடி தூரம்தான். ஆனால் கஜீவன் அவளோடு நேரே கதைக்கமாட்டானாம். எல்லாம் நொத்தாரிசு சுபாஸ்கரன் வழியாகத்தான். கடன் கொடுத்தவனுக்கு என்ன எடுப்பு, பாருங்கள்!

மருதனார்மடத்தில் தர்சிகாவின் வீடு தொண்ணூறு லட்சத்துக்கு விலைபோகிறது. முதல் ஈடு, அதாவது அடமானம், வங்கியில். அதற்கு எண்பத்திரண்டு போய்விடும். மிச்சம் எட்டு. இரண்டாம் ஈடு கஜீவனிடம், வட்டியோடு பத்தொன்பது. அவன் தன் ஈட்டை விடுவித்துக் கையெழுத்து வைத்தால்தான் வீட்டை வாங்குகிற ஆள் காசைத் தருவார்.

"யோசியும் தம்பி," என்றார் சுபாஸ்கரன். "இண்டைக்கு விக்காட்டித் திங்கட்கிழமை வங்கி ஏலம் போடும். ஏலத்திலை எண்பதும் வராது. உமக்கு ஒரு சதமும் கிடையாது."

"கிடையாட்டிப் போகட்டும். வீடும் போகட்டும்."

"நாலு எடுக்கச் சொல்லுங்கோ ஐயா." தர்சிகாவும் நொத்தாரிசைப் பார்த்தே சொன்னாள். "எனக்கு நாலு வேணும். வாடகை வீட்டுக்கு முற்பணம் கட்டவேணும். பிள்ளைக்கு மாசாமாசம் கொழும்பிலை கிளினிக், மருந்து."

"பிள்ளையைக் காட்டினால் வட்டி குறையுமோ எண்டு கேளுங்கோ."

"அந்தக் காசிலை நான் நகையோ வாங்கினனான்? பிள்ளையின்ரை இருதய ஒப்பறேசனுக்கு எடுத்தது! பிள்ளை ஆஸ்பத்திரியிலை கிடக்க, ஈடு எழுதினால்தான் தருவன் எண்டு என்னை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்து எழுதுவிச்சவர். மறந்துபோச்சோ எண்டு கேளுங்கோ!"

கஜீவன் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தான். "அது கனடாவிலை இருக்கிற அண்ணையின்ரை காசு. அவருக்கு நான்தானே பதில் சொல்லவேணும்."

சுபாஸ்கரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருடமாகக் காணி உறுதிப் பத்திரங்கள் எழுதுகிறார். வட்டிக்காரர் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று; அவர்களுக்கும் ஒரு எல்லை இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டார்.

"அஞ்சு."

"ஏழு."

"நெஞ்சிலை கொஞ்சமும் ஈரம் இல்லையோ, ஐசே? ஆறு. மிச்சம் ரெண்டையாவது அவவுக்கு விடும்."

கஜீவன் கைபேசிக்குத் திரும்பினான். வெளியே சந்தைக்கு வந்த லொறி ஒன்று விடாமல் கோன் அடித்தது. தர்சிகா சந்தியிலிருந்த ஆஞ்சநேயரை மனதுக்குள் கூப்பிட்டாள். ஒரு தேங்காய் என்று தொடங்கியவள், அவன் வாய் திறப்பதற்குள் வடைமாலை வரைக்கும் வந்துவிட்டாள்.

"சரி. ஆறு."

அப்பாடா! தர்சிகா அழுதேவிட்டாள். இரண்டு லட்சம் மிஞ்சுகிறது. சின்னதாய் ஒரு வாடகை வீடு பார்க்கலாம், ஒரு வருடத்துக்காவது மருந்துக்குப் பயமில்லை. கடவுள் கண் திறந்துவிட்டார் என்றே நினைத்தாள், பாவம்.

ஈட்டை விடுவிக்கும் பத்திரத்தில் கஜீவன் கையெழுத்து வைத்தான். சுபாஸ்கரனின் கிளாக்கர்மார் இரண்டு பேரும் சாட்சிக்கு வைத்தார்கள். அடுத்து விற்பனை உறுதி. தர்சிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பெயரை எழுதினாள்.

சுபாஸ்கரன் அந்த உறுதியை அப்படியே கஜீவன் பக்கம் தள்ளினார்.

"இதிலையும் ஒருக்கா வையும் தம்பி. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி, புருசன் சம்மதிச்சுக் கையெழுத்து வைக்காமல் பெண்சாதியின்ரை சீதனக் காணியை விக்கேலாது."

கஜீவன் பேனையை மூடினான்.

"அப்ப அதுக்கு மிச்ச ரெண்டையும் தா," என்றான் மனைவியிடம்.