முதல் நாற்காலி

"புது மோட்டார் சைக்கிள் ஜோரா இருக்கே, யாயான். யாரு வாங்கிக் கொடுத்தா?"

ஒத்திகைக் கூடத்தின் வாசலிலேயே இமாஸ் அவனை மறித்துக்கொண்டார். கையிலிருந்த வயலின் வில் அவன் மார்பை நோக்கி நீண்டிருந்தது.

"மாமாவோடதுக்கா. அவரு கார் வாங்கிட்டாரு, இத என்கிட்ட தள்ளிவிட்டுட்டாரு."

"நல்ல மாமா! எங்களுக்கெல்லாம் இப்படி ஒரு மாமா கிடைக்க மாட்டேங்கிறாரே!"

உள்ளே அமர்ந்திருந்தவர்கள் தலைகுனிந்து வில்லுக்குப் பிசின் தேய்ப்பதில் மும்முரமானார்கள். இமாஸை எதிர்த்துப் பேசும் வழக்கம் இந்தோனேசியாவின் பாண்டுங் நகர இசைக்குழுவில் இல்லை. குழுவை வழிநடத்தும் முதல் வயலின்காரரின் நாற்காலி, முதல் நாற்காலி, அவருடையது. தூணின் மறைவில் உட்கார்ந்திருக்கும் கடைசி வரிசைகூட, அவரைக் காணாமலே, அவரோடு ஒரே கணத்தில் வாசிக்கத் தொடங்கும்.

ஆண்டுதோறும் வாசித்து வந்த தொலைக்காட்சித் தொடரின் வேலை அந்த மாதம் அவர்கள் கையை விட்டுப் போயிருந்தது. இசையமைப்பாளன் ஹெர்லான் தனி ஆளாகத் தன் கணினியிலேயே ஒரு முழு இசைக்குழுவை எழுப்பிவிட்டான். வயலினின் ஒவ்வொரு சுரத்தையும் மெல்ல, அழுத்தி, நடுங்கவைத்து, வெட்டி எனத் தனித்தனியாகக் கலைஞர்களை வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்து சில நிறுவனங்கள் விற்கின்றன. விசையில் விரலை வைத்தால் அந்தச் சுரம் அழும். அழுதவர் அங்கே இருக்க வேண்டியதில்லை.

இதுவரை அதற்கெல்லாம் வாசித்தவர்கள் எங்கோ தொலைதேசத்தார். இம்முறை வாசித்தவர் 'பாண்டுங் கலைஞர்' என்ற செய்தி கசிந்திருந்தது.

இமாஸ் மேடையேறினார்.

"பாண்டுங்ல நம்மள விட்டா வேற யாரு இருக்கா? நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட்டவன் இந்தக் கூடத்துலதான் உக்காந்திருக்கான். அவன் கைய மிஷினுக்கு வித்துட்டான். அதோட சேர்த்து நம்ம அத்தனை பேரு கையையும் வித்துட்டான்! எவன்னு தெரிஞ்சா அவன் நாற்காலி இன்னிக்கே காலி. சம்மதமா?"

கைகள் உயர்ந்தன. யாயானின் கை கடைசியாக உயர்ந்ததை இமாஸ் பார்த்தார். மற்றவர்களும் பார்க்கும்படி பார்த்தார். அவனுக்கு அந்த நாற்காலியைத் தவிர வேறு பிழைப்பில்லை.

வரவழைக்கப்பட்டிருந்த ஹெர்லான் மடிக்கணினியைப் பியானோவின் மேல் வைத்தான்.

"வாசிச்சது யாருடா?"

"சத்தியமாத் தெரியாதுக்கா. ஊர் மட்டும்தான் போட்டிருக்காங்க."

"பேரு எங்கயும் இல்லை?"

"இல்லைக்கா."

"நல்லாப் பார்த்தியா? எங்கயுமே இல்லையா?"

"எங்கயுமே இல்லை."

"சரி, போடு."

வயலின் அழுதது. பெரிய செல்லோவை அணைத்தபடி உட்கார்ந்திருந்த தாதாங் முணுமுணுத்தார்: "படுபாவி, நம்மளவிட நல்லா அழுவுறானே."

"நிறுத்து! மறுபடி போடு!" என்று கத்தினார் இமாஸ்.

இசை தொடங்கும் முன், மூக்கால் சுருக்கென்று இழுத்த ஒரு மூச்சு. அடுத்த வரிக்கு முன்னும் அதே மூச்சு. இழையளவும் மாறாத மூச்சு.

"என்ன சத்தம் இது?"

"வாசிச்சவங்களோட மூச்சுக்கா. அத நீக்கிட்டா பாட்டு செத்துப்போயிடும். நிஜமா கேக்கணும்னு அப்படியே விட்டு வெச்சிருக்காங்க."

இமாஸின் கண்கள் மின்னின. "மாட்டினான்! திரையப் போடுங்க."

குழுவுக்குப் புதிய ஆள் எடுக்கும்போது முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாதென்று கட்டும் அதே கறுப்புத் திரை. அதன் முன்னே இமாஸ் கண்மூடி அமர்ந்தார். பின்னே வயலின்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அதே வரியை வாசித்தார்கள். ஒருவர் வாயால் மூச்சு வாங்கினார். ஒருவருக்கு மூச்சே கேட்கவில்லை. ஒருவர் இழுத்த இழுப்பில், "எருமை நுழைஞ்சிடுச்சா?" என்றார் தாதாங். யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் யாயான். திரைக்குப் பின்னால் அவனும் அதே வரியை வாசித்து முடித்தான்.

"இன்னொரு தடவ."

வாசித்தான்.

"மூச்ச அடக்கிக்கிட்டா வாசிக்கிற, திருட்டுப் பயலே? இன்னொரு தடவ!"

மீண்டும் வாசித்தான். அவன் மூச்சு வரியின் முடிவில்தான் வெளிவந்தது, களைத்த பெருமூச்சாக. அந்த மூச்சு இதுவல்ல என்பது தாதாங்குக்குக்கூடத் தெரிந்துவிட்டது.

திரை விலகியது. வயலின்காரர்கள் நாற்காலிகளுக்குத் திரும்பினார்கள். ஹெர்லான் பதிவை இன்னொரு முறை ஓடவிட்டான். அந்தச் சின்ன மூச்சைக் கேட்டதும் கடைசி வரிசையில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சட்டென்று தரையைப் பார்த்தார்கள்.

"ஓகோ, எல்லாரும் உத்தமங்க! அப்ப இத வாசிச்சது பேயா?" இமாஸின் முகம் சிவந்தது. "எனக்குத் தெரியும். எனக்கு மொதல்லயே தெரியும் அது யாருன்னு!"

யாயானைச் சுட்டிக்காட்ட வில்லை உயர்த்தினார். பேசுவதற்காக, மூக்கால் சுருக்கென்று ஒரு மூச்சிழுத்தார்.

அந்த மூச்சைக் கேட்டதும் வாசிக்கத் தொடங்குவது பல வருடப் பழக்கம். கூடத்திலிருந்த வில்கள் எல்லாம் தாமாகவே எழுந்து நரம்பின் மேல் நின்றன.

யாயானின் வில் மட்டும் மடியிலேயே கிடந்தது.

"இன்னும் ஒருத்தர் வாசிக்கலையே, அக்கா," என்றான்.