அறுபத்து நாலு எழுத்து

"எவன்னு மட்டும் தெரியட்டும்! அவன் பூண்டுக் காட்டுக்குச் சொட்டுத் தண்ணி போகாது!"

சத்தியபிரியா வீட்டு வாசலில் நின்று கத்தினார் ராஜ்மோகன். பூண்டி விவசாயிகள் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஊற்றுத் தொட்டியின் வால்வு சாவி எந்நேரமும் அவர் இடுப்பில்தான்.

புகார் என்னமோ ஒரே வரி. 'தலைவர் தன் முறை முடிஞ்ச பிறகும் தண்ணியை விட மாட்டேங்கிறார்.' ஆனால் குழுவில் இருக்கும் நாற்பத்து மூன்று பேர் போனுக்கும் அது போய்விட்டது. விஷயம் உண்மையாக வேறு இருந்து தொலைத்ததால் மனுஷனுக்கு ரெண்டு மடங்கு கோபம்.

குழுவுக்கு அந்தப் புகார்ப் பக்கத்தைச் செய்து கொடுத்தவள் சத்தியபிரியா. வீட்டிலிருந்தபடியே கோயம்புத்தூர் கம்பெனிக்கு வேலை பார்ப்பவள்.

"எழுதினது யாருன்னு எனக்கே தெரியாது சித்தப்பா. பேரைக் குடுத்ததும் புரோகிராம் அதை ஹாஷ் பண்ணிரும். அதுதான் புகாருக்குக் கீழே கெடக்கு."

"ஹாஷா? அது என்ன எழவு?"

லேப்டாப்பில் 'இருளப்பன்' என்று அடித்தாள். எழுத்தும் எண்ணும் கலந்து, அறுபத்து நாலு எழுத்தில் ஒரு நீள வரி வந்து விழுந்தது. பேருக்குக் கடைசியில் ஒரே ஒரு புள்ளி வைத்தாள். வரி அடியோடு மாறிப் போனது.

"இதுலேருந்து பேரைத் திருப்பி எடுக்க முடியாது. ஆட்டின மாவுலேருந்து அரிசியை எடுப்பீங்களா?"

"நல்லா ஆட்டினே போ!"

சாயங்காலம், திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் படிக்கும் அக்கா மகன் பழனிக்குமாருக்குப் போன் போட்டார்.

"திருப்பத்தான் முடியாது மாமா. ஆனா ஒரே பேருக்கு எப்பவும் ஒரே வரிதான் வரும். ஹாஷ் பண்ற வெப்சைட் ஒண்ணு அனுப்புறேன். ஒவ்வொரு பேரா அடிச்சுப் பாருங்க. எது புகார்ல இருக்கறதோட பொருந்துதோ, அவன்தான் ஆளு."

அடி சக்கை!

மறுநாள் வெள்ளனே எழுந்து, உறுப்பினர் பதிவேடும் போனுமாக உட்கார்ந்துவிட்டார். முதல் சந்தேகம் இருளப்பன் மேல். பொருந்தவில்லை. அடுத்து பிச்சையம்மாள். ம்ஹூம். ஒவ்வொரு பேரையும் அடிக்கும்போது 'இவனாத்தான் இருக்கும்' என்று தோன்றியது. யோசித்துப் பார்த்தால் எல்லோருக்குமே எழுதக் காரணம் இருந்தது. அது அவருக்குக் கொஞ்சம் சங்கடமாகக்கூட இருந்தது.

பதிவேடு முடிந்தது. ஆள் சிக்கவில்லை. சத்தியபிரியாவைப் போனில் பிடித்தார்.

"ஏம்மா, உன் புரோகிராம் கோளாறு. ஒரு பேரும் பொருந்தலை!"

"அடப்பாவமே, உக்காந்து அடிச்சீங்களா? எத்தனை பேரு?"

"நாப்பத்திரண்டு."

"பதிவேட்டுல நாப்பத்து மூணுல்ல சித்தப்பா?"

"மிச்சம் நான்தானேம்மா!"

"அதையும் ஒரு தடவை அடிச்சுப் பாத்துருங்க சித்தப்பா."

ராஜ்மோகன் மெல்லத் தன் பேரை அடித்தார். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்தார். அறுபத்து நாலும் அச்சு அசலாகப் பொருந்தியது.

"இதென்னடா கூத்து! நான் எப்ப எழுதினேன்?"

"நீங்க குளிக்கப் போனப்ப, உங்க போன்ல, உங்க பேரையே குடுத்து நான்தான் எழுதினேன்." காப்பியோடு வந்து நின்றாள் மனைவி மகாராணி.

"கட்டின புருஷன் மேலயேவாடி?"

அவள் தம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

"மத்த நாப்பத்திரண்டு பேரும் சேர்ந்து எழுதி, உங்களைத் தலைவர் பதவியை விட்டே எறக்கறதா இருந்தாங்க. 'அவரு நல்ல மனுஷன், ஒருத்தர் சொன்னாலே திருந்திருவாரு, அந்த ஒரு ஆளா நான் இருக்கேன்'னு அவங்க கையைக் காலைப் புடிச்சு நிறுத்தி வச்சிருக்கேன்."