வரைபடத்தில் இல்லாத வீடு

மாகாணத்தின் மேற்கு ஓரத்தில், களப்பு நீருக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடந்த மணல்திட்டில் மெற்றில்டாவின் வீடு இருந்தது. சனத்தொகை எடுக்க வந்த அலுவலர் அவள் முற்றத்தில் நின்றபடியே வரைபடத்தை விரித்தார்.

“அம்மா, இந்த இடம் கடல். புது வரைபடத்தில கரை அந்தத் தார் ரோட்டோட முடியுது. இங்க ஆள் இருக்கிறதா எழுத ஏலாது.”

மெற்றில்டாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “அப்ப நீங்க நீந்தியா வந்தீங்க? நான் பெத்த ஆறு பிள்ளையளும் மீன்குஞ்சா? போன புயலுக்கு அரிசி கேட்டப்பவும் பட்டியல்ல பேர் இல்லையெண்டுதான் துரத்தினாங்க.”

“மேலிடத்து உத்தரவு, அம்மா.”

அவள் உள்ளே போய்ப் பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி வந்தாள். அவரைக் கடந்து விறுவிறுவென்று நடந்து, தார் ரோட்டின் நட்டநடுவில் அதைப் போட்டு உட்கார்ந்தாள்.

“இப்ப நான் கரையில இருக்கிறன். எழுதுங்க!”

வந்த பேருந்து ஹாரனை அலறவிட்டது. அவள் அசையவில்லை. திட்டிலிருந்த நாற்பது வீட்டுச் சனமும் கதிரையும் பாயும் கட்டிலுமாக ரோட்டை நோக்கி வரத் தொடங்கியிருந்தது.

அவள் பின்னாலேயே வந்திருந்த அலுவலர் பேனாவைத் திறந்தார். “பேர்?”

ஹாரனுக்கும் மேலாக, ஒவ்வோர் எழுத்தாக, அவள் கத்திச் சொன்னாள்.