திரைக்கு அந்தப் பக்கம்

“இரும்புக் கம்பியாலதான் அடிச்சேன். முதல் அடியிலேயே மண்டை உடைஞ்சு ரத்தம் கொட்டுச்சு. அப்பவும் நிறுத்தல. கை ஓயற வரைக்கும் அடிச்சேன்.”

கறுப்புத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. போலீஸ் விசாரணை என்று நினைத்துவிட வேண்டாம். மருத்துவக் கல்லூரி நேர்முகத் தேர்வு. சிபாரிசு மூக்கை நுழைக்கக் கூடாதென்று முகம், பெயர் எல்லாவற்றையும் மறைத்திருந்தார்கள். குரலைக்கூட ஒரு கருவி கரகரப்பாக மாற்றியது. தேறாதவர் யார் கண்ணிலும் படாமல் பின்வாசல் வழியாகப் போய்விடலாம். தேறியவருக்குத்தான் திரை விலகும்.

‘நீ செய்த பெரிய தப்பு எது?’ என்று தேர்வுக் குழுத் தலைவி எல்லாரிடமும் கேட்டார். மற்ற பிள்ளைகள் பிட் அடித்ததைச் சொல்லி மூக்கைச் சிந்தினார்கள். இவன் ஆளையே அடித்திருக்கிறான்.

குழுவில் ஓரமாக இருந்த பேராசிரியர் சட்டைக் கையில் காய்ந்திருந்த சோற்றுப் பருக்கையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். “வீட்ல ஊட்டிட்டு வர நேரமாயிடுச்சு” என்று காலையில் அவர் சொன்னபோது, “சின்னப் பிள்ளைங்க இருந்தா அப்படித்தான்” என்று தலைவி சிரித்தார். அவர் கோப்பைப் பிரித்துப் புரட்டத் தொடங்கினார்.

“யாரைப்பா அடிச்சே?” என்றார் தலைவி.

“தெரியாது மேடம். எங்க அக்காவை ஏமாத்தினவன்னு நினைச்சேன். மழைக்கோட்டு போட்டிருந்ததால மூஞ்சி தெரியல, ஆள் மாறிப்போச்சு. பாவம், தொட்டியில வளர்க்கற மீனைப் பையில வாங்கிட்டுப் போயிட்டிருந்தாரு.”

பேராசிரியர் நிமிர்ந்தார். “மீனுங்க என்ன ஆச்சு?”

“ரோட்ல துள்ளிச்சு சார். ஒண்ணு கறுப்பு, ஒண்ணு ஆரஞ்சு. நான் ஓடிட்டேன். அவர் இருக்காரா இல்லையான்னுகூடத் தெரியாது. அதான் டாக்டராகணும்னு...”

தலைவி மைக்கை அணைத்தார். “கொலைகாரப் பய. பின்வாசலைத் திறந்து விடுங்க.”

“எனக்கும் அதுதான் சரின்னு படுது” என்றார் மூன்றாமவரான சர்ஜன்.

பேராசிரியர், காகிதங்கள் பறக்காமலிருக்க வைத்திருந்த இரும்புக் குண்டை இறுக்கிப் பிடித்தார். “கேட்டது நாம. உண்மையைச் சொன்னதுக்குத் தண்டிச்சா அது என்ன நியாயம்? இதுவரைக்கும் வந்ததுல மார்க்கும் இவனுக்குத்தான் அதிகம். ஆளைப் பார்க்காம மார்க்கைப் பார்க்கணும்னுதானே திரை கட்டினோம்?”

வாயில்லாப் பூச்சி என்று பெயரெடுத்த மனிதர், கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். சர்ஜனின் மனம் இளகியது. அவரும் கை தூக்கிவிட்டார்.

“உங்க பெரிய மனசு எனக்கு வராதுங்க” என்று பெருமூச்சு விட்டு, தலைவி சுவிட்சை அழுத்தினார்.

திரை விலகியது. ஒல்லிப்பிச்சான் பையன் ஒருவன் கைகூப்பி அழுதுகொண்டிருந்தான். “சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.”

பேராசிரியரின் நாற்காலி மல்லாந்து விழுந்தது. ஒரே பாய்ச்சலில் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து மேசைமேல் சாய்த்தார். இரும்புக் குண்டு அவர் தலைக்கு மேலே எழும்பியது. தலைவி அலறினார்.

குண்டு இறங்கியது. பையனின் காதருகே மேசைக் கண்ணாடி சுக்குநூறானது. ரத்தம் சொட்டும் கையால் பேராசிரியர் அவனைத் தூக்கி நிறுத்தினார்.

“நட. என் தம்பிக்கு மத்தியானச் சாப்பாட்டை நீ ஊட்டு.”