சைகோனுக்கு ஒரு படம்

பாகூர் ஏரிக்கரையை ஒட்டிய வீடு, ஐப்பசி மழை விட்ட காலை. விடியலில் செத்துப்போன தணிகைவேலை நாற்காலியில் உட்காரவைத்து, சாயாமலிருக்க மார்பை நாற்காலி முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டியிருக்கிறாள் மனைவி செங்கமலம். கடல் தாண்டிச் சைகோனில் வேலை பார்க்கும் மகன் அப்பன் முகத்தைப் பார்க்க வேண்டாமா, கண்ணுகளா? அதற்குத்தான் புதுச்சேரியிலிருந்து படக்காரர் சவரிநாதர் வந்திருக்கிறார். வாசலில் பாடைக்குப் பச்சை மூங்கில் வெட்டுகிறார்கள். சவரிநாதர் கேமராவின் லென்சைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் தூசு தட்டி, ஹா என்று ஊதி, பலமுறை துவைத்த மல் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு வட்டவட்டமாகத் துடைக்கிறார். கண்ணாடி கிணற்றுத் தண்ணீராகத் தெளிகிறது. “உசுரோட இருந்தப்போ ஒரு நாழி சும்மா உக்காந்தாரா மனுசன்? இப்பனாச்சும் உக்காரட்டும். சீக்கிரம் எடுங்கய்யா” என்கிறாள் செங்கமலம். “தலை தொங்குதும்மா, இரு.” லென்சைக் கையில் வைத்தபடியே குனிந்து, தணிகைவேலின் மோவாயை நிமிர்த்துகிறார். கையைத் திருப்பிப் பார்த்தால் கண்ணாடி மங்கிக் கிடக்கிறது. “இன்னாய்யா, மறுபடியும் ஊதுனீங்களா?” “நான் ஊதலம்மா.” மறுபடி துடைக்கிறார். இந்தத் தடவை தன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, வாயை இறுக மூடிக்கொண்டு, லென்சைத் தணிகைவேலின் மூக்கருகே நீட்டுகிறார். வாசலில் மூங்கில் வெட்டும் சத்தம் நின்றிருக்கிறது. கண்ணாடியின் நடுவே மிளகளவு வெண்மை ஒன்று தோன்றுகிறது, விரிகிறது, சுருங்குகிறது, மறுபடி விரிகிறது. செங்கமலத்தின் விரல்கள், தானே இறுக்கிப் போட்ட துண்டின் முடிச்சைத் தேடுகின்றன.