தனகோட்டி படித்த கடைசிப் பக்கம்

“கலை, கொலை பண்ணது அந்த டாக்டரு. ராத்திரி நீ படிச்சிக்கினு இருந்தியே, அதுல,” என்றார் தனகோட்டி, இட்லியைப் பிட்டுக்கொண்டே.

மருமகள் கலைமதி சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தாள். “இன்னும் முப்பது பக்கம் இருந்திச்சு மாமா.”

“அந்த முப்பது பக்கம் மிச்சம். அந்நேரத்துக்குக் கடையில நாலு பேருக்குப் பருப்பு நிறுக்கலாம்.”

செஞ்சி கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் தனகோட்டிக்கு இது வெகுநாள் பழக்கம். எந்தப் புத்தகம் கையில் கிடைத்தாலும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போவார். முடிவைப் படிப்பார். படித்ததை வீடு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாய் காப்பி குடிப்பார். மகன் பார்த்திபனைக் கட்டிக்கொண்டு கலைமதி வல்லத்திலிருந்து வந்த பிறகு, அந்தப் பழக்கத்துக்கு ஒரு வேலையும் கிடைத்தது. சீர்வரிசையோடு அவள் ஒரு பெட்டி புத்தகம் கொண்டுவந்திருந்தாள். அத்தனையும் ஜப்பான்காரர்கள் எழுதித் தமிழில் வந்த கொலைக் கதை, பேய்க் கதை. முடிவைச் சொல்லிவிட்டால் ருசி போகும், ருசி போனால் மருமகள் தானாகக் கடைக்கு வந்து உட்காருவாள் என்று நினைத்தார். இதுவரை ஐந்து புத்தகங்களை அப்படித் தீர்த்துக்கட்டியாயிற்று. அவளோ ஆறாவதாகப் புதிதாக ஒன்றை வரவழைத்திருந்தாள்.

அது மேசைமேல் கிடந்தது. படக்கதை என்று அந்த வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல். அட்டையில் இருந்த முகத்தைப் பார்த்து மாமியார் அமிர்தவல்லி பாத்திரத்தைக் கீழே போட்டதால், காக்கித் தாளில் அட்டை போட்டிருந்தாள் கலைமதி.

“இதுல இன்னா கூத்து?”

“ஒரு அடுக்குமாடி வீடு மாமா. ஒரு வாசல்ல மட்டும் தினமும் ஒரு ஜோடி செருப்பு கூடிக்கினே போவுது. உள்ள ஆளு கூடல. ஒருநாளு அந்த வீட்டுக்காரிய யாரோ கொன்னுட்டாங்கன்னு பேச்சு வருது.” சொல்லும்போதே அவளுக்குக் கை சிலிர்த்தது. முகமோ திருவிழாவுக்குப் புறப்பட்டவள் போல இருந்தது.

“வேணும்னு போயி யாராவது பயப்படுவாங்களா?”

“ராஜகிரிக் கோட்டை உச்சில நின்னு கீழ பார்த்தா வயித்தக் கலக்குது. அதுக்குத்தான ஜனம் பஸ் புடிச்சி நம்மூருக்கு வருது? எனக்குப் பயப்படறது புடிச்சிருக்குது மாமா. அதுக்கு நான் யார்கிட்டயும் பர்மிஷன் கேக்கல.”

“உங்க அத்தைக்கு டென்ஷன் ஏறுதும்மா.”

“சீரியல்ல மருமவளுக்கு வெஷம் வெச்சா அத்தைக்கு ஏறாத டென்ஷன், இதுக்கு ஏறிடுச்சா?”

சமையலறையில் அமிர்தவல்லி இருமினாள்.

தனகோட்டிக்குச் சுருக்கென்றது. தட்டைத் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்தார். “பந்தயம் வெச்சிக்கலாம். இதுல கொலைகாரன் யாருன்னு இப்பவே சொல்றேன். சரியா இருந்தா, இன்னிக்கே அந்தப் பெட்டி பழைய பேப்பர் கடைக்குப் போவணும்.”

“தப்பா இருந்தா?”

“அச்சடிச்சி வெச்சிருக்கறது எப்படிம்மா தப்பாவும்?”

“தப்பா இருந்தா, நான் படிக்கறப்ப இந்த வீட்ல யாரும் வாயத் தொறக்கக்கூடாது,” என்றாள் கலைமதி. கண்ணைக்கூட இமைக்கவில்லை. பெட்டி போய்விடுமே என்ற பயம் கொஞ்சமாவது தெரிகிறதா என்று அவர் பார்த்தார். தெரியவில்லை. அந்தத் திமிர்தான் அவருக்கு ஆகவில்லை.

புத்தகத்தை எடுத்தார். கடைசியில் வெறுமையாக இருந்த தாள்களைத் தள்ளிவிட்டுப் படத்துக்கு வந்தார். போலீஸ் ஸ்டேஷன். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது பத்து. கையில் விலங்கோடு அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் நின்று, ‘நான்தான் அவளைக் கொன்றேன்’ என்கிறான்.

“வாட்ச்மேன்,” என்று நாற்காலியில் சாய்ந்தார் தனகோட்டி. “அவன் வாயாலயே ஒத்துக்கினான். அமிர்தம், ஒரு கோணி எடுத்துக்கினு வா.”

“அவன் கொல்லல மாமா.”

“கடைசிப் பக்கத்துல ஒத்துக்கறானேம்மா.”

“அந்தத் தாளுக்கு இந்தாண்டப் பாருங்க.”

ஒரு தாளை இந்தப் பக்கம் புரட்டினார். அதே ஸ்டேஷன், அதே விலங்கு. கடிகாரத்தில் ஒன்பது இருபது. கதவைத் திறந்துகொண்டு வெறுங்காலோடு ஒரு பெண் வந்து, ‘என்னைக் கொன்றதாகவா சொல்கிறான்?’ என்று கேட்கிறாள்.

தனகோட்டி முன்னால் சாய்ந்தார். ஒன்பது இருபது எப்படி ஒன்பது பத்துக்கு முந்திய பக்கத்தில் வரும்? இன்னொரு தாளைப் புரட்டினார். ஒன்பதரை. வாட்ச்மேன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்து அலறுகிறான். இன்னொரு தாள். இன்னும் ஒன்று. அமிர்தவல்லி கோணியோடு வந்து நின்றாள். அதை வாங்க யாரும் கை நீட்டவில்லை. கடை திறக்க நேரமாகிவிட்டதை அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் விழவில்லை. கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாதே. “பைண்டிங்ல தப்பும்மா. பக்கத்த தலகீழா அடுக்கிட்டான்,” என்றார், தலையை நிமிர்த்தாமலே.

“தப்பு இல்ல மாமா. ஜப்பான்காரன் படக்கதைல நம்ம கடைசிப் பக்கம்தான் மொதப் பக்கம், தமிழ்லயும் அப்படியேதான் போட்டிருக்காங்க. நீங்க இப்பதான் கதைய ஆரம்பிச்சிருக்கீங்க,” என்ற கலைமதி, குனிந்து மறுமுனை அட்டையைத் தொட்டாள். “நான் இத நேத்துப் பகல்லயே முடிச்சிட்டேன். கொன்னது யாருன்னு சொல்லட்டுமா?”

தனகோட்டி புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, “ஐயோ, சொல்லிடாதம்மா,” என்று கெஞ்சினார்.