விழுந்து விழுந்து

மகள் காதலிப்பவனைப் பார்த்ததுமே சிரிப்பு நடிகருக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

"படியில உருண்டு, விழுந்து விழுந்து நான் வளர்த்த குடும்பம்டா இது! நீ என்னத்தைக் கிழிச்சே?"

"அவரும் சினிமாவுலதாம்ப்பா இருக்காரு," என்றாள் மகள்.

"எந்த சினிமாவுல? இந்த மூஞ்சியை நான் ஒரு படத்துலயும் பார்த்ததில்லையே! கிளம்பச் சொல்லு."

அவன் எழுந்து வாசல் பக்கம் திரும்பினான்.

அந்த முதுகைப் பார்த்ததும் நடிகருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தான் கேரவனில் ஏசி போட்டுப் படுத்திருக்க, தன் சட்டையை மாட்டிக்கொண்டு டூப்பாகப் படியில் உருண்ட முதுகு! திரையில் எத்தனை தடவை பார்த்திருக்கிறார்!

"பார்த்து மாப்பிள்ளை!" பதறிக்கொண்டு ஓடினார். "படி இருக்கு!"